ஃபில்டரில் சிக்கும் வைரஸைச் சோதிப்பது பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆவடி வட்டாரத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்களில் பணியாற்றும் எங்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஏசி போட்ட படிப்பகம், டியூஷன் சென்டர், கிளினிக்கின் காத்திருப்பு அறை என்று பல இடங்களில் இப்போது ஏர் பியூரிஃபையர் ஓடுகிறது. அதன் ஃபில்டரைச் சோதித்தால் கொரோனாவோ ஃப்ளூவோ அங்கே உலவுவது தெரியுமா? தெரியும் என்றால் செய்யலாமா?

தெரியும். செய்யவும் வேண்டும். ஆனால் அது பொதுச் சுகாதாரத் துறையின் பொறுப்பில், இடத்தைப் பற்றிய தகவலாக மட்டும் இருக்க வேண்டும். ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலையாக அது மாறினால் நாங்கள் எதிர்ப்போம்.

ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகமும் சண்டிகரின் இம்டெக் ஆய்வகமும் கொரோனா காலத்தில் ஐதராபாத், மொகாலி மருத்துவமனைகளின் காற்றை உறிஞ்சிச் சோதித்தன. நோயாளிகள் இருந்த அறைகளின் காற்றில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. கிடைத்தது. காற்றைப் பிடிக்க அவர்களுக்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. ஏர் பியூரிஃபையரோ நாள் முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். பிடிக்க மிகக் கடினமான அளவு அதுதான். அதைவிடப் பெரியதும் சிறியதும் இன்னும் எளிதாகச் சிக்கும்.

கொரோனா காற்றில் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லத் தாமதித்தது. அதன் தலைமை விஞ்ஞானியாக இருந்த, சென்னையில் பிறந்த சௌமியா சுவாமிநாதன், 2022இல் பொறுப்பிலிருந்து விலகும் வேளையில், அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் நாம் கையைக் கழுவினோம், காய்கறியைக் கழுவினோம், பால் பாக்கெட்டையும் கழுவினோம். ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. காற்றைப் பற்றி இன்னொரு முறை தாமதிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு படிப்பகத்தில் மூன்று மாதம் ஓடிய ஃபில்டரைக் கழற்றும்போது உடனிருந்தோம். வெள்ளை மடிப்புகள் சாம்பல் நிறமாகியிருந்தன. முன்வலையில் தலைமுடி, கொசு இறகு, சி.டி.எச். சாலையின் புழுதி எல்லாம் சேர்ந்து கம்பளி போல அப்பியிருந்தது. கழற்றிய தம்பி வெறுங்கையால் அதை வாசற்படியில் நாலு தட்டுத் தட்டி உதறினார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதில் வைரஸ் இருந்திருந்தால் அதையும் முகத்துக்கு நேரே உதறியிருப்பார்.

அப்படிப்பட்ட ஃபில்டரை ஆய்வகத்துக்கு அனுப்பியும் பெரிய பயன் இல்லை. புழுதி ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் ஆர்.என்.ஏ. சிதையும். வைரஸ் கிடைத்தாலும் அது போன வாரம் வந்ததா, இரண்டு மாதம் முன்பு வந்ததா என்று சொல்ல முடியாது. இன்னும் தொற்றக்கூடியதா என்றும் தெரியாது. கிடைக்கவில்லை என்பதால் அறை பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. ஆகவே முன்வலையின் மேல் ஒரு சிறு துண்டைப் பொருத்தி, தேதி குறித்து, வாரம் ஒருமுறை எடுத்துச் சோதிக்கும் முறையையே கேட்கிறோம்.

ஆளைத் தேடாமல் இடத்தை மட்டும் கண்காணிக்க முன்னுதாரணம் உண்டு. மும்பையில் 2001 முதல் சாக்கடை நீரில் போலியோ வைரஸைத் தேடினார்கள். எந்த வீட்டுக் கதவையும் அடைக்காமல், வைரஸ் எந்த வட்டாரத்தில் சுற்றுகிறது என்பதை அது காட்டியது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ ஒழிந்த நாடாகச் சான்று பெற்றதில் அந்தக் கண்காணிப்புக்கும் பங்குண்டு. 2020இல் நாம் கண்டது வேறு. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதற்குப் பயந்தே பலர் காய்ச்சலை மறைத்தார்கள். ஃபில்டர் முடிவும் இன்னொரு தகரமாகிவிடக் கூடாது. வைரஸ் தெரிந்தால் அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஜன்னலைத் திறப்பதும், முகக்கவசம் அணியச் சொல்வதும், முதியவர்களை எச்சரிப்பதும்தான். அங்கன்வாடியைப் பூட்டுவதையும், முடிவை வாட்ஸ்அப் குழுக்களில் பெயர் சேர்த்துப் பரப்புவதையும் ஏற்க மாட்டோம்.

சோதனைக்காகவே புதிதாக ஏர் பியூரிஃபையர் வாங்குவதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. நம் அரசுப் பள்ளிகளில் ஜன்னலும் மின்விசிறியும் இருக்கின்றன. அவை திறந்தும் ஓடியும் இருந்தால் போதும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பி.பி.எம். இருக்கும். மூடிய அறையில் அது 1000ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று பொருள். அதை அளக்கும் சிறு கருவியை முதலில் வாங்கட்டும்.

ஃபில்டரைச் சோதிப்பதற்கான ஆற்றல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அயப்பாக்கத்தில்தான் உள்ளது. கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. தேனாம்பேட்டையில் மாநில அரசின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் 2021 முதல் இயங்குகிறது. ஏற்கெனவே ஏர் பியூரிஃபையர் ஓடும் ஐந்தாறு பொது இடங்களைத் தேர்ந்து, ஓராண்டுக்கு இந்த வாராந்திரச் சோதனையை நடத்திப் பார்க்குமாறு ஆவடி மாநகராட்சியையும் பொதுச் சுகாதாரத் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை உங்கள் இடத்தில் ஃபில்டரைக் கழற்றும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். உதறாமல் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்த வேலையைச் செய்பவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.