பழைய பெட்டிக்குப் புதுக் கார்டு: தப்பா?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



மலருக்கு ஒரு கவிதை தரலாம் என்றுதான் இருந்தேன். கவிதைப் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றனவாம். தப்பித்தீர்கள். அதனால் போன விடுமுறை முழுக்க என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய பேப்பர் கடை. அங்கே தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு பி.பி.சி. மைக்ரோ. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட சரக்கு. கூடவே ஒரு டிஸ்க் டிரைவ், ஷூ டப்பா ஒன்றில் ஒன்பது 5.25 அங்குல ஃப்ளாப்பிகள். "எல்லாம் சேர்த்து எடைக்குப் போட்டுக்கோ தம்பி" என்றார் கடைக்காரர்.

சாதாரணப் பெட்டி இல்லை இது. 1981ல் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி கொண்டுவந்தது. 1984ல் நம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் கொடுத்தபோது, கொடுத்தது இதைத்தான். மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் லைசென்ஸ் வாங்கி இங்கேயே தயாரித்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502, மெமரி வெறும் 32 கிலோபைட். இதை வடிவமைத்தவர்களில் முக்கியமான இருவர், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும், அடுத்து 1985ல் முதல் ஆர்ம் சிப்பைக் கொண்டுவந்தார்கள். ஆக, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் இதற்குப் பேரன் முறை!

பவர் சப்ளையில் இருக்கும் பழைய ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். படார் என்று வெடித்து வீடெல்லாம் புகை வரும். அம்மாவிடம் நான் வாங்கிய திட்டை இங்கே அச்சிட முடியாது.

பெட்டி உயிர் பெற்றது. ஆனால் ஃப்ளாப்பி? மயிலாப்பூர் கடல்காற்றில் வருஷக்கணக்காகக் கிடந்தவை. நாலில் பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அதை அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த நல்ல டிஸ்கையும் கீறிவிடும். அப்போதுதான் எஸ்.டி. கார்டு வழிக்குப் போனேன்.

வேலை ஒன்றும் மாயமில்லை. எஸ்.டி. கார்டுக்கு எஸ்.பி.ஐ. என்று ஒரு எளிய பேச்சுமுறை தெரியும். நாம் லேபில் படித்த அதே எஸ்.பி.ஐ.தான். பெட்டியின் அடியில் இருக்கும் யூசர் போர்ட்டில் கார்டை இணைக்க வேண்டும். பெட்டி பேசுவது 5 வோல்ட், கார்டு தாங்குவது 3.3 வோல்ட், கார்டுக்குப் போகும் கம்பிகளில் 1.8 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் என்று ரெசிஸ்டர் டிவைடர் போட்டால் சுமார் 3.2 வோல்ட் வரும். முதல் செமஸ்டர் கணக்கு! பிறகு எம்.எம்.எஃப்.எஸ். என்ற இலவச மென்பொருளை ஈப்ராமில் எழுதி உள்ளே ஒரு காலி சாக்கெட்டில் சொருகினால் முடிந்தது. ஒரே கார்டில் 511 டிஸ்குகள், ஒவ்வொன்றும் 200 கிலோபைட். மொத்தம் 100 மெகாபைட் சொச்சம். 4 ஜிகாபைட் கார்டில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இதைப் பார்த்துவிட்டு அடையாறு நண்பன் ஒருவன் முகத்தைச் சுளித்தான். "என்னடா இது, கோயில் விளக்குக்கு எல்.இ.டி. போட்ட மாதிரி? அந்த டிரைவ் கரகரன்னு சத்தம் போடணும், நாம காத்திருக்கணும். அதானடா ஒரிஜினல்!" இன்னொன்றும் சொன்னான். எஸ்.டி. கார்டுக்குள்ளேயே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. சில கார்டுகளில் இருப்பது நம் பாடத்தில் வரும் 8051 வகை. "கம்ப்யூட்டரைவிட அதோட ஃப்ளாப்பி பெரிய கம்ப்யூட்டரா இருக்கு. இது நியாயமா?"

சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் ஒப்பவில்லை. பெட்டி முழுவதையும் லேப்டாப்பில் போலியாக ஓட்டுவது வேறு, இது வேறு. இங்கே கணக்குப் போடுவது அதே 6502, விரல் படுவது அதே கீபோர்டு. தேய்ந்துபோகிற பாகத்துக்கு மட்டும் ஓய்வு கொடுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் அவன் கட்சிதான் நானும்: கார்டுக்காகப் பெட்டியில் ஓட்டை போடக்கூடாது, டிரைவைத் தூக்கி எறியக்கூடாது.

ஏனென்றால் அந்த டிரைவ் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பூஞ்சை இல்லாத ஐந்தில் மூன்று டிஸ்குகள் படித்தன. ஒவ்வொரு ஃபைலாக டிஸ்கிலிருந்து லோடு செய்து, கார்டுக்கு மாறி சேவ் செய்தேன். அதில் ஒன்றின் பெயர் 'டமில்2'. ரன் கொடுத்ததும் திரையில் அ, ஆ, இ, ஈ! யாரோ ஒரு ஆசிரியர் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, எண்களாக மாற்றி, டேட்டா வரிகளில் அடித்திருக்கிறார். நாமே வடிவம் கொடுத்துக்கொள்ள அந்தப் பெட்டி சாதாரணமாக விடுவது 32 இடம்தான். 247 எழுத்தை அதற்குள் எப்படி அடக்குவது? கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சேர்த்திருக்கிறார். 'ழ' மட்டும் கொஞ்சம் கோணல். அவர் பெயர் எங்கும் இல்லை.

'டமில்1' பூஞ்சை பிடித்த நாலில் இருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு முறை முயன்றும் டிரைவ் முனகியதே தவிரப் படிக்கவில்லை. மூன்றாம் முறைக்குத் தைரியம் வரவில்லை.

இதை ஏன் நம் சங்க மலரில் எழுதுகிறேன்? நம் ஸ்டோர் ரூமிலும் மாடிப்படிக்குக் கீழே ஃப்ளாப்பி டப்பாக்கள் இருக்கின்றன. சீனியர்களின் புராஜெக்ட்டுகள். அடுத்த கண்டம் லிஸ்ட் தயாராகிறது என்று லேப் அட்டெண்டர் அண்ணா சொன்னார். லாரி வருவதற்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமை மதியம் அந்த ரூம் சாவியை வாங்கித் தரும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். டிரைவும் கார்டும் நான் கொண்டுவருகிறேன். பஞ்சும் ஆல்கஹாலும் யாராவது கொண்டுவந்தால் நல்லது.