ஒழிக்கவா, ஒளிக்கவா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு நதானியேல் ஹாதார்ன் 1850-இல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவல் 'லா லெத்ர் எகர்லாத்' என்றுதான் அறிமுகம்.

கதை நடப்பது 1640-களின் பாஸ்டனில், கடும் ஒழுக்கம் பேசும் பியூரிட்டன்களின் ஊரில். கணவன் அருகில் இல்லாதபோது பிள்ளை பெற்ற ஹெஸ்டரைக் கைக்குழந்தையோடு மேடையேற்றி, ஆயுள் முழுக்க மார்பில் சிவப்பு 'ஏ' எழுத்தை அணியச் சொல்கிறார்கள். முறைதவறிய உறவைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்கும், பிரெஞ்சிலும் அப்படியே. தகப்பன் பெயரைச் சொல் என்று ஊரறியக் கேட்கிறார் பாதிரியார் டிம்ஸ்டேல். தகப்பனே அவர்தான்!

பாவத்தை ஒழிக்க நினைத்த அந்த ஊர் அதை ஒளிக்கத்தான் கற்றுக்கொடுத்தது என்பேன். ஹெஸ்டர் தைத்துப் பிழைத்தாள், நோயாளிகளைக் கவனித்தாள். 'ஏ' என்றால் 'ஏபிள்', திறமையுள்ளவள் என்று ஊராரே மாற்றிப் படித்தார்கள். பாதிரியாரோ ஏழு வருஷம் உள்ளுக்குள் புழுங்கி, கடைசியில் அதே மேடையில் உண்மையைச் சொல்லி உயிரை விட்டார்.

1692-இல் சேலம் நகரில் சூனியக்குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஹாதார்னின் முன்னோர் ஒருவரும் உண்டு. ஆசிரியர் குற்றம் சொல்வது அயலாரை அல்ல, தன் வீட்டாரை. அவர் பேச்சை நான் நம்புவது அதனால்தான்.