சோற்றோடு ஊட்டும் அச்சம்

அந்தி சாய்ந்ததும் வீடுகள்தோறும் ஓர் ஆட்சி தொடங்குகிறது. அந்த ஆட்சிக்குப் படையில்லை, சட்டமில்லை. பூச்சாண்டி ஒருவனே அமைச்சனும் தளபதியும்! "வாயைத் திற, இல்லாவிட்டால் பூச்சாண்டி வருவான்! உறங்கு, இல்லாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கில் போட்டுக்கொண்டு போவான்! பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்! அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போடுவார்!" மூன்று வயதுக் குடிமகன் மிரள்கிறான். வாய் திறக்கிறது, கவளம் இறங்குகிறது. வென்றுவிட்டோம் என்கிறோம். கவளத்தோடு கூடவே உள்ளே இறங்கியது எது, தோழர்களே?

பிள்ளை வளர்ப்பு எளிதென்று எவரும் சொல்லார். ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம். ஒரு சட்டையை மாட்ட ஒரு போர். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை விழிப்பு. ஆயினும் அத்தனை அலுப்பையும் ஒரே ஒரு மழலைக் கேள்வி துடைத்துவிடுகிறது. "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" "எறும்புக்கு யார் வழி சொன்னாங்க?" இந்த 'ஏன்' இருக்கிறதே, இதுதான் பகுத்தறிவின் பால்பல்! முளைக்கும் பல்லைப் பிடுங்கி எறிவார் உண்டோ? நாம் பிடுங்குகிறோம், 'வாயாடி' என்று பட்டமும் சூட்டுகிறோம்.

"நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்பார் பெரியவர். கெடவில்லைதான்! இராகுகாலம் கழியாமல் படியிறங்க அஞ்சும் பட்டதாரியும், பூனை குறுக்கே போனால் காரை நிறுத்தும் பொறியாளரும் அந்த வளர்ப்பின் விளைச்சலன்றி வேறென்ன?

இளம்பிள்ளைவாதம் எத்தனை கால்களை முடக்கியது! 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ ஒழிந்த நாடென்ற சான்று கிடைத்தது. சாதித்தது தாயத்தன்று, மந்திரித்த கயிறன்று, சொட்டு மருந்து! அந்த மருந்தை ஏந்திவரும் கையையே பேயாக்கிக் காட்டுகிறோம். பிறகு, தடுப்பூசி முகாமில் பிள்ளை வீறிட்டால், அதன்மேலேயே சினம் கொள்கிறோம்.

இன்னும் கேளுங்கள். 2018 மே திங்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், அவரை அடித்தே கொன்றது! வதந்தி விதைதான், அது விழுந்த நிலத்தை உழுது வைத்தது யார்? மூன்று வயதில் ஊட்டிய அச்சத்துக்கு முப்பது வயதில் கையும் தடியும் முளைக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் தடுத்துவிட்டது. சட்டம் வந்த பின்னும் நம்மிடம் பிள்ளையை ஒப்படைக்கும் தந்தையர், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று சிரித்தபடி சொல்கிறார்கள். அன்பின் மொழியா இது? அடிமைச் சாசனம்!

குற்றவாளிக் கூண்டில் தாயை நிறுத்துவதா? கூடாது. விடியலில் எழுந்து, உலை வைத்து, துணி துவைத்து, வேலைக்கும் சென்று திரும்பி, ஒற்றை ஆளாகப் பிள்ளையோடு மல்லாடுகிறவள், கைக்கெட்டிய கருவியை எடுக்கிறாள். அந்தக் கருவி பூச்சாண்டி. அவளைத் தனியே விட்டவர் எங்கே? மேடையில் மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்துக்கொண்டிருக்கிறார்! கைதட்டல் ஓய்ந்து அவர் வீடு திரும்பும் நேரத்தில், அவர் பிள்ளை பேய்க்கு அஞ்சிப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. ஊருக்கு ஒளி, வீட்டுக்கு இருட்டு! மேடைப் பகுத்தறிவாளரே, சோற்றுக் கிண்ணத்தை ஒருநாள் உம் கையில் வாங்கியதுண்டா?

வாங்குங்கள். பிள்ளை கேட்டால் விடை சொல்லுங்கள். நிலா ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நாம் நூறடி நடந்தாலும் அதன் திசை மாறித் தெரிவதில்லை. அருகிலிருக்கும் மரம் பின்னே போகிறது, நிலா கூடவே வருகிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை கண்ணு, தேடிப் பார்ப்போம்" என்பதற்கு நாணம் எதற்கு? இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையின் கைபற்றி அறைக்குள் நடங்கள். விளக்கேற்றிக் காட்டுங்கள், அணைத்தும் காட்டுங்கள். நாற்காலி இரண்டிலும் நாற்காலியாகவே இருப்பதை அது தன் கையால் தொட்டறியட்டும்.

அஞ்சி நிமிரும் கூட்டம் எங்கும் இல்லை. குனியப் பழக்கிய முதுகை இருபது வயதில் சொற்பொழிவால் நிமிர்த்த முயல்வதைவிட, மூன்று வயதில் குனிய வைக்காமல் இருப்பது எளிது. இளைஞர்களே, பூச்சாண்டியின் ஆட்சியைக் கவிழ்க்கத் தேர்தல் வேண்டாம், போராட்டக்குழு வேண்டாம். இன்றிரவு உங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு பிடி சோற்றோடு, ஒரு கேள்விக்கு உண்மையான விடை. அங்கே தொடங்கட்டும் நம் இயக்கம்!