நான்கு வண்டிகள், ஒரே ஓட்டுநர்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்பவர்கள், தேநீர்க் கடைகளின் முன் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருப்பார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் அருந்தும் அந்த இளைஞர்கள், முன்பின் அறியாதவர்களாக இருந்தாலும் சில நிமிடங்களிலேயே நண்பர்களாகி விடுகின்றனர். பெயரைக் கேட்பதற்கு முன்பாகவே ஒருவரையொருவர் அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'இதைத் தவிர வேறென்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?'

என் தலைமுறையில் இப்படியொரு கேள்வி எழவே வாய்ப்பில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மகன் பள்ளியில் சேரும்போது பதிவு செய்த வண்டி, அவன் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும்போது வீடு வந்து சேர்ந்த கதைகள் அன்று சாதாரணம். வீட்டுக்கு ஒரு வண்டி கிடைப்பதே அரிதாக இருந்த சமூகத்தில், ஒருவரே மூன்று, நான்கு வண்டிகளை வைத்திருப்பது இன்று வியப்புக்குரிய செய்தியாக இல்லை. இந்த மாற்றத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வரி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், பழைய வாகனங்கள் குறித்த கொள்கை என அரசின் பல முடிவுகள் இதனுடன் பிணைந்துள்ளன.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். வாகனம் நிறுத்தும் இடத்தில் நான்கு இருசக்கர வாகனங்கள் நின்றன. ஒன்று, அவருடைய தந்தை 1984-இல் வாங்கிய புல்லட் 350. இரண்டாவது, கல்லூரிக் காலத்தில் கனவு கண்டு, வேலை கிடைத்த பிறகு பழைய வண்டியாகத் தேடி வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. மூன்றாவது, நெடும்பயணங்களுக்கான 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. நான்காவது, காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் 110 சிசி ஸ்கூட்டர். 'நான்கும் எதற்கப்பா?' என்று கேட்டேன். 'சார், நாலையும் ஒரே வேலைக்கு எடுக்க முடியாது' என்றார் சிரித்துக்கொண்டே.

பொருளியலின் அரிச்சுவடியான குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை அவருக்கு வகுப்பில் கற்பித்தவன் நான்தான். ஒரே பொருளை மேலும் மேலும் வாங்கும்போது ஒவ்வொரு கூடுதல் அலகும் தரும் நிறைவு குறைந்துகொண்டே போகும் என்பது அந்த விதி. ஆனால், ஆர்வலரின் கண்ணில் இரண்டாவது வண்டி முதல் வண்டியின் மறுபிரதி அல்ல. அது வேறொரு பொருள். ஒன்று பயணத்துக்கு, ஒன்று வேலைக்கு, ஒன்று நினைவுக்கு. பகட்டு நுகர்வு குறித்து 1899-இல் எழுதிய தார்ஸ்டீன் வெப்லன் இதில் ஒரு பகுதியைத்தான் விளக்குவார். தேநீர்க் கடை முன்பாக 650 சிசி வண்டியை நிறுத்துவதில் பகட்டு இருக்கக்கூடும். 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியின் கார்புரேட்டரைத் தன் கையால் பிரித்துச் சுத்தம் செய்பவரின் மகிழ்ச்சியைப் பகட்டு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

எனினும், இந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் வாய்த்ததன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் மட்டுமே மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தது. உள்நாட்டு இருசக்கர வாகன விற்பனை 2018-19-இல் சுமார் 2.12 கோடியாக இருந்தது; 2024-25-இல் அது சுமார் 1.96 கோடி. ஆறு ஆண்டுகள் கடந்தும் பழைய உச்சம் எட்டப்படவில்லை. அதே 2024-25-இல்தான் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ஓராண்டில் 10 லட்சம் வண்டிகள் என்ற எல்லையை முதன்முறையாகக் கடந்தது. முதல் வண்டியை வாங்க வேண்டியவர் தயங்கி நிற்க, வசதி உள்ளவர் அடுத்த வண்டிக்குத் தாவுகிறார் என்பதையே இவ்விரு போக்குகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

இந்தப் பின்னணியில்தான் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) மாற்றத்தைப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான வண்டிகளுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு முன்பு 28 சதவீத வரியும் 3 சதவீத இழப்பீட்டு மேல்வரியுமாக 31 சதவீதம் இருந்தது. அது 40 சதவீதமாக உயர்ந்தது. முதல் பகுதி பாராட்டுக்குரியது. அன்றாடம் வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல என்பதை அரசு காலம் கடந்தாவது ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பகுதிதான் கேள்விக்குரியது.

வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் ரூபாய் உள்ள இரு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 349 சிசி எனில் வரியுடன் விலை ரூ.2.36 லட்சம், 398 சிசி எனில் ரூ.2.80 லட்சம். 49 கன சென்டிமீட்டர் வேறுபாட்டுக்கு ரூ.44 ஆயிரம் கூடுதல் வரி. இதே மாற்றத்தில், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 18 சதவீதமே விதிக்கப்படுகிறது. 8 லட்சம் ரூபாய் கார் அவசியப் பொருளுக்கு அருகிலும், 3 லட்சம் ரூபாய் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாகவும் கருதப்படுகின்றன. இன்னும் வியப்பு, மேல்வரியுடன் சேர்த்து 50 சதவீதம் வரை வரி செலுத்தி வந்த பெரிய கார்களுக்கு அது 40 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கார் இறங்கி வந்த அதே படிக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றிவிடப்பட்டிருக்கிறது.

'பொழுதுபோக்குக்காக நான்காவது வண்டி வாங்குபவர் கூடுதல் வரி செலுத்தினால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாதிக் குடும்பங்களிடம் ஒரு வண்டியும் இல்லாத நாட்டில், விருப்பத்துக்காக வாங்கப்படும் பொருளுக்கு அதிக வரி விதிப்பதில் தவறில்லை. ஆனால், ஆடம்பரத்தை அளக்கும் அளவுகோல் சிசி அல்ல. ஒருவர் ஒரே வண்டியாக 400 சிசி வாங்கி அதையே அலுவலகத்துக்கும் ஊருக்கும் ஓட்டக்கூடும். இன்னொருவர் 350 சிசிக்குள்ளாகவே ஐந்து வண்டிகளை அடுக்கி வைத்திருக்கக்கூடும். முன்னவருக்கு 40 சதவீதம், பின்னவருக்கு 18 சதவீதம் என்பது எவ்வகை நீதி? செலுத்தும் திறனுக்கேற்ப வரி என்பதே நோக்கமானால், விலையே நேரிய அளவுகோல். தமிழ்நாட்டில் இருசக்கர வாகனங்களுக்கான ஆயுள் வரி, ரூ.1 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என விலையை வைத்தே 2023 நவம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அந்த முறையில் தர்க்கம் இருக்கிறது.

சட்டம் கிழிக்கும் கோடு, பொறியாளரின் வரைபலகைக்கும் வந்து சேர்ந்துவிடும் என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. அங்கு சாதாரண மோட்டார் சைக்கிள் உரிமம் 400 சிசி வரைதான் செல்லும். 250 சிசிக்கு மேற்பட்டவற்றுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. விளைவாக, 400 சிசி, 250 சிசி என்ற இரு வகைகள் அந்த நாட்டில் தழைத்தன. இங்கும் 350 என்ற எண்ணுக்குள் அடங்குவதற்காகவே இயந்திரங்கள் சுருக்கி வடிவமைக்கப்படும் நிலை உருவாகலாம். ஒசூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் பெரும் இருசக்கர வாகன ஆலைகளைக் கொண்டுள்ள தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுமை இல்லை என்பது உண்மை. ஆனால், உள்நாட்டுச் சந்தை தரும் உற்பத்தி அளவு இல்லாமல் உலகச் சந்தையில் விலைப் போட்டியில் நிற்பது கடினம்.

வரியில் இவ்வளவு நுணுக்கமாக சிசி பார்க்கும் அரசு, பார்க்க வேண்டிய இடத்தில் அதைப் பார்ப்பதில்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான நமது ஓட்டுநர் உரிமம் ஒன்றே ஒன்றுதான். 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெறும் 18 வயது இளைஞர், மறுநாளே 1,000 சிசி வண்டியை ஓட்டுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசி, பிறகு 35 கிலோவாட் திறன், அதன் பிறகே வரம்பற்ற வண்டி எனப் படிப்படியான உரிமங்கள் உள்ளன. இடைநிலை உரிமம் இல்லாமல் நேரடியாகப் பெரிய வண்டிக்கு வர விரும்புவோர் பொதுவாக 24 வயதுவரை காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவர்களில் பெரும்பாலோர் சிறிய வண்டிகளில் சென்றவர்களாகவே இருக்கக்கூடும். எனினும், வரி கூடினால் வண்டியின் விலை கூடுமே தவிர, அதை ஓட்டுபவரின் திறன் கூடிவிடாது.

அடுத்து, காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு வண்டிக்கு வண்டி தனித்தனியாக எடுக்கப்பட வேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 75 முதல் 150 சிசி வரை ரூ.714, 350 சிசி வரை ரூ.1,366, அதற்கு மேல் ரூ.2,804. என் மாணவரின் நான்கு வண்டிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.5,598. ஒரு நேரத்தில் அவர் ஒரு வண்டியைத்தான் ஓட்ட முடியும்; ஆபத்து நான்கு மடங்காவதில்லை, பிரீமியம் மட்டும் நான்கு வண்டிக்கும் சேருகிறது. ஒரே உரிமையாளரின் பல வாகனங்களை ஒரே பாலிசியில் சேர்க்கவும், ஓட்டும் தொலைவுக்கேற்பக் கட்டணம் வசூலிக்கவும் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. ஆனால், அது சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீட்டுக்கு மட்டுமே. தொகையைவிட முக்கியமானது இதன் பின்விளைவு: மாதம் ஒரு முறை மட்டும் எடுக்கும் பழைய வண்டிக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் எண்ணம் எளிதில் தோன்றும். அந்த ஒரு நாளில் விபத்து நேர்ந்தால், பாதிக்கப்படுபவர் சாலையில் நடந்து சென்ற ஏதோ ஓர் ஏழையாக இருக்கலாம்.

பழைய வண்டிகளின் நிலையும் சிக்கலானது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருந்தால் அதைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021 விதிகள் வழிவகுக்கின்றன, கட்டணம் ரூ.20,000. அதற்குக் குறைந்த வயதுடைய வண்டி சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டி. 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளின் மறுபதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.2,000-ஆக உயர்த்தப்பட்டது. திருவொற்றியூரில் தயாரான அந்த 1984 புல்லட், தொன்மைத் தகுதி பெற 2034 வரை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று பொது எரிபொருளாகிவிட்டது. அதற்காக வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை எத்தனால் பாதிக்கக்கூடும். அது ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது என்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

பழைய வண்டிகளின் புகைக்காக ஊர் மக்கள் மூச்சுத் திணற வேண்டுமா என்ற எதிர்வாதத்தை நான் மறுக்கவில்லை. இரட்டை வீச்சு இயந்திரத்தின் புகை தீங்கானதுதான். ஆனால், மாசு வண்டியின் வயதை மட்டும் பொறுத்ததல்ல. அது ஓடும் தொலைவையும் பொறுத்தது. ஆண்டுக்கு 500 கி.மீ. ஓடும் பழைய வண்டியையும், 15,000 கி.மீ. ஓடும் பழைய வண்டியையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியலும் அல்ல, பொருளியலும் அல்ல. சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளிலும், ஒவ்வோர் ஊரிலும் இருக்கும் சிறிய பட்டறைகளிலும் இத்தகைய வண்டிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் அந்த மெக்கானிக்குகளின் கைத்திறன் அரியது. வண்டி போனால் அதுவும் போய்விடும்.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. மோட்டார் சைக்கிளுக்கான உயர் வரியை சிசி அடிப்படையிலிருந்து விலை அடிப்படைக்கு மாற்றலாம். திறனுக்கேற்பப் படிப்படியான ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டையும் ஒருங்கிணைத்து, காப்பீடு இல்லாத ஒரு வண்டியும் சாலைக்கு வராத நிலையை உருவாக்கலாம். 30 ஆண்டுகளைக் கடந்து, குறைந்த தொலைவே ஓடும் வண்டிகளுக்கு, ஓட்டத்துக்கு வரம்பு விதிக்கும் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தலாம். இவற்றில் எதுவும் அரசின் கருவூலத்தைப் பெரிதாகப் பாதிக்காது.

விடைபெறும்போது என் மாணவர் அந்தப் பழைய புல்லட்டை உதைத்து இயக்கிக் காட்டினார். மூன்றாவது உதையில் அது உயிர்பெற்றது. ஓசை கேட்டு அவருடைய தாயார் வாசலுக்கு வந்து நின்றார். மறைந்த கணவர் வீடு திரும்பும் ஓசை அல்லவா அது! எந்த வரி அட்டவணையிலும் அதற்கு ஒரு வரிசை எண் இருக்க முடியாது; இருக்கவும் வேண்டியதில்லை. ஆர்வலர்கள் ஒருவரையொருவர் 'வேறென்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொள்ளட்டும். அரசு கேட்க வேண்டியது, 'எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எவ்வளவு பாதுகாப்பாக ஓட்டுகிறீர்கள்?' என்பதைத்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).