வட்டத்தை நீங்களே வரையுங்கள்

பேஸ் கிட்டார் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, இணையத்தில் ஒரு ஸ்கேல் சார்ட்டை இறக்கி, பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டுவது. ஒரு வாரத்தில் அது பழைய காலண்டர் மாதிரி ஆகிவிடும். தினமும் கண்ணில் படும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கிராஃப் தாளும் கலர் பென்சிலும் எடுத்துக்கொள்வதே மேல்.

20 ஃப்ரெட் உள்ள பேஸில் 4 கம்பிகள். வெறும் கம்பியையும் சேர்த்தால் மொத்தம் 84 இடங்கள். ஆனால் சுரப் பெயர்களோ 12 தான். 84 கட்டம் போட்டு, ஸட்ஜத்துக்கு மட்டும் சிவப்பு அடித்துப் பாருங்கள். பாதி வரைவதற்குள்ளேயே ஒரு விஷயம் பிடிபடும். ஒரு ஸட்ஜத்திலிருந்து மெல்லிய கம்பிகள் பக்கமாக இரண்டு கம்பி தாண்டி, இரண்டு ஃப்ரெட் மேலே போனால் மேல் ஸட்ஜம். அடுத்த கம்பியில் அதே ஃப்ரெட் சுத்த மத்யமம், இரண்டு ஃப்ரெட் தள்ளினால் பஞ்சமம். கம்பிகள் ஒன்றுக்கொன்று 5 அரைச்சுர இடைவெளியில் இருப்பதுதான் காரணம். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரைகிற கையே கண்டுபிடித்துவிடும். அச்சடித்த சார்ட் விடையைத்தான் தரும், இந்தக் கண்டுபிடிப்பைத் தராது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வைக்கிறாள். சுரங்களை இடங்களாகக் கண்ணால் பார்க்கிற வேலைதானே அது? 12 ராசி வீடுகளில் சுரங்களை நிறுத்திப் பண் பெயர்க்கும் முறைக்கு வட்டப்பாலை என்று பெயர். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அதையே காலண்டர் அட்டையில் செய்யலாம். பெரிய வட்டத்தில் 12 பங்கு போட்டு, ஸ முதல் நி வரை வரிசையாக எழுதுங்கள். சின்ன வட்டத்திலும் 12 பங்கு. அதில் அரிகாம்போதியின் ஏழு இடங்களுக்கு மட்டும் புள்ளி. நடுவில் ஒரு குண்டூசி. இரண்டாவது புள்ளியைத் திருப்பி ஸ-வில் நிறுத்தினால் நடபைரவி. நான்காவதை நிறுத்தினால் சங்கராபரணம். ஐந்தில் கரகரப்பிரியா, ஆறில் தோடி, ஏழில் கல்யாணி. மூன்றாவதில் மட்டும் பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்யமம் வந்து நிற்கும். ஏன் என்று யோசிக்க வைக்கும் அந்த ஓர் இடம், பத்துப் பக்கப் பாடத்துக்குச் சமம்.

"சங்கீதம் காதால் வரணும், அட்டையால் வராது" என்பார்கள் பெரியவர்கள். நியாயம்தான். இதே அரியலூர்ப் பக்கம், உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் இருந்தார். உ.வே.சாமிநாதையரின் தந்தை அவரிடம்தான் பாட்டுக் கற்றார், குரு பாட, சீடன் பாட. அந்தப் பாடத்தை எந்தப் படமும் ஈடுசெய்யாது. ஆனால் பேஸ் கிட்டாருக்கு அப்படி ஒரு குரு பக்கத்துத் தெருவில் கிடைக்காத பையன் என்ன செய்வான்? திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ வாராவாரம் பஸ் ஏற எல்லோர் வீட்டிலும் காசு இருக்கிறதா? குரு கிடைக்கும் வரை சும்மா இருப்பதைவிட, அட்டையை வெட்டுவது நல்லது.

ஒரே நிபந்தனை. புள்ளி வைக்கும்போதெல்லாம் அந்தச் சுரத்தை வாசித்து, வாயாலும் பாட வேண்டும். இல்லையென்றால் கைவேலைதான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சமத்தில் விரல் வைக்க வந்துவிட்டால், அட்டையைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்க வேண்டாம்.

காலி அட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்தால் போதும்.