வரியை அழித்தால் பிழை போய்விடுமா?

செல்போன் செயலி எழுதப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்ப்பார்கள். "ஜேயூனிட் கிடைக்கவில்லை" என்று ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ சொல்லும். யாரைக் கேட்டாலும் உடனே ஒரு வைத்தியம் கிடைக்கும்: "அந்த வரியை எடுத்துவிடு, ஓடும்." எடுத்தால் உண்மையிலேயே ஓடும். அதுதான் தொல்லை. இந்த வைத்தியம் தவறு என்பது என் கருத்து. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுகிற வேலை இது.

நம் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். செயலி எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்துவார். அதற்கு லைப்ரரி என்று பெயர். எந்த லைப்ரரி வேண்டும், எத்தனையாவது பதிப்பு வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், கிரேடில் என்ற கருவி இணையத்தில் உள்ள களஞ்சியங்களுக்குப் போய் எடுத்து வரும். ரேஷன் அட்டையில் இருக்கிற பொருளை எந்தக் கடையில் வாங்குவது என்று சொல்லி அனுப்புவதைப் போல. கடை முகவரி தவறாக இருந்தால் பை காலியாகத்தான் திரும்பும்.

ஜேயூனிட் என்பது சோதனைக்கான லைப்ரரி. 1997இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. "இந்தக் கணக்குக்கு இந்த விடைதான் வரவேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், நிரலை ஓட்டிப் பார்த்து விடை சரியா என்று அது சொல்லும். திரையில் பொத்தானை அழுத்திப் பார்க்கிற சோதனைக்கு எஸ்பிரெஸ்ஸோ என்று இன்னொன்று உண்டு.

இந்தச் சோதனை லைப்ரரிகள் நம் கைப்பேசிக்கு வரும் செயலிக்குள் இருப்பதில்லை. எழுதுகிறவரின் கணினியோடு நின்றுவிடும். அதனால்தான் அந்த வரியை அழித்தாலும் செயலி ஜோராக ஓடுகிறது. யாருக்கும் குறை தெரியாது.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் தங்கை மகன், எங்கள் ஓய்வூதியர் நண்பர்களுக்காக ஒரு சிறு செயலி எழுதிக்கொடுத்திருக்கிறான். மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். பிறந்த தேதியைக் கொடுத்தால் யாருக்கு எப்போது எவ்வளவு கூடும் என்று செயலி சொல்லும். சில ஆண்டு கழித்து அதைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது அந்தச் சிவப்பு எழுத்து வந்திருக்கிறது. "அந்த ரெண்டு வரியை எடுத்துட்டேன் மாமா, இப்ப ஓடுது" என்றான். "எடுத்ததைத் திரும்பப் போடுடா, ஏன் கிடைக்கலைன்னு பார்ப்போம்" என்றேன்.

பார்த்ததில் காரணம் சின்னது. முன்பெல்லாம் ஜேசென்டர் என்ற களஞ்சியத்தின் பெயரைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அதை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஆகவே பழைய பெயரை நீக்கச் சொல்லி கருவியே எச்சரிக்கும். இவனும் நீக்கிவிட்டான். பதிலுக்கு மேவன் சென்ட்ரல் என்ற களஞ்சியத்தைச் சேர்க்கவில்லை. கூகுளின் களஞ்சியம் மட்டும் மிச்சம் இருந்தது. ஆண்ட்ராய்டின் சொந்த லைப்ரரிகள் அங்கே இருப்பதால் செயலிக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. ஜேயூனிட்டும், அதற்குத் துணையான ஹாம்கிரெஸ்ட்டும் மேவன் சென்ட்ரலில் இருப்பவை. அவை மட்டும் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தக் கோப்பில் களஞ்சியம் எழுத இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது கிரேடில் தனக்கு வேண்டிய கருவிகளை எடுக்க. கீழே இருப்பது செயலிக்கு வேண்டியதை எடுக்க. மேலே மேவன் சென்ட்ரல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு "இருக்கே மாமா" என்றான். கீழே இல்லை. ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் வந்துவிட்டது.

இதே பிழை வேறு காரணங்களாலும் வரும். கிரேடிலை இணையம் இல்லாமல் வேலை செய்யச் சொல்லும் ஆஃப்லைன் அமைப்பு தெரியாமல் போடப்பட்டிருக்கலாம். அலுவலக இணையத்தில் ப்ராக்ஸி தடுக்கலாம். பழைய திட்டத்தில் களஞ்சிய முகவரி எச்டிடிபி என்று இருக்கலாம். 2020 ஜனவரியிலிருந்து மேவன் சென்ட்ரல் எச்டிடிபிஎஸ் மட்டுமே ஏற்கும். 'டெஸ்ட் கம்பைல்' என்ற பழைய சொல்லை கிரேடில் 7இல் எடுத்துவிட்டார்கள். இப்போது 'டெஸ்ட் இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதவேண்டும். ஆண்ட்ராய்டு சோதனை லைப்ரரிகளின் பெயர்களும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்று மாறிவிட்டன. இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க அரை மணி போதும். முதலில் இணையம், பிறகு களஞ்சியம், பிறகு பெயரும் பதிப்பும். இந்த வரிசையில் பார்த்தால் அலைய வேண்டாம்.

சரி, லைப்ரரி வந்தது. சோதனையை ஓட்டினால் ஒன்று தேறவில்லை. 1942 ஆகஸ்ட் 20இல் பிறந்தவருக்குக் கூடுதல் ஓய்வூதியம் எப்போது தொடங்கும்? விதிப்படி 80 வயது நிறையும் மாதத்தின் முதல் தேதி, அதாவது 2022 ஆகஸ்ட் 1. செயலி ஆகஸ்ட் 20 என்றது. சோதனை வரியை எடுத்த பிறகு தேதிக் கணக்கைப் பையன் மாற்றி எழுதியிருக்கிறான். அப்போது புகுந்த பிழை. அடிப்படை ஓய்வூதியம் 40,000 ரூபாய் என்றால் கூடுதல் மாதம் 8,000. பத்தொன்பது நாள் கணக்கில் விட்டால் ஏறத்தாழ 4,900 ரூபாய் குறைகிறது. அகவிலை நிவாரணம் தனி. வங்கி சரியாகவே போட்டிருந்தாலும் "அதிகம் வந்துவிட்டதோ" என்று ஒரு பெரியவர் பயப்படுவார். குறைத்துப் போட்டிருந்தாலோ, செயலியே அப்படிச் சொல்கிறது என்று கேட்காமல் இருந்துவிடுவார். எண்பது வயதில் கணக்குப் பிரிவுக்கு நடந்து போய்க் கேட்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது?

பழகுகிற பிள்ளை முதல் நாள் திரையில் ஏதாவது தெரிய வேண்டும் என்று அந்த வரியை ஒதுக்கி வைத்தால் குற்றமில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று மாலையே திரும்பப் போடவேண்டும். நான்கு பேர் நம்பிப் பயன்படுத்துகிற செயலியில் அந்தச் சலுகை கிடையாது. பணம், மருந்து, தேதி ஆகியவற்றைக் கணக்கிடும் செயலி என்றால் கிடையவே கிடையாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செயலி எழுதிக் காட்டினால் "பிரமாதம்" என்று பாராட்டுங்கள். கூடவே "சோதனை எல்லாம் ஓடுதா, இல்லை எடுத்துட்டியா?" என்றும் கேட்டு வையுங்கள். நமக்கு நிரல் தெரியவேண்டும் என்பதில்லை. அந்தக் கேள்வி போதும்.