கோப்பின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

பாட்டின் பெயருக்குப் பின்னால் ‘320’ என்று போட்டிருந்தால் அது நல்ல கோப்பு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் கண்டி வட்டாரத்து டீஜேக்களிடமும் சவுண்ட்காரர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. இந்த ஆசிரியர் உரை அந்தப் பழக்கத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. 320 என்பது ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எத்தனை தடவை நசுக்கப்பட்டது என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறக்காது.

கண்டியில் இரவு விடுதிகள் அதிகமில்லை. நம்முடைய களம் ஹோட்டல் மண்டபமும் கல்யாண ஹோலும் பாடசாலை மைதானமும்தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை வழியாகத் திகன வரை எத்தனை மண்டபங்கள், எத்தனை சவுண்ட் செட்கள்! ஸ்பீக்கருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் கடன் வாங்கிச் செலவு செய்கிறோம். டபுள் எய்டீன் சப்வூஃபர் இறக்கியவரின் பெயர் ஒரு வாரத்தில் ஊரெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஸ்பீக்கருக்குள் போகும் கோப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சீடியில் இருக்கும் ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். 320 எம்பி3 என்றால் அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 128 என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. மீதியை எங்கே கழிக்கிறார்கள் என்பதில்தான் எம்பி3யின் சாமர்த்தியம் இருக்கிறது. பலத்த ஒலி ஒன்று ஒலிக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலி காதுக்குத் தட்டுப்படாது. என்கோடர் அந்த மறைவைக் கணித்து, கேட்காத இடத்தில் பிட்டுகளைக் குறைக்கிறது. குறைப்பதால் எழும் இரைச்சலையும் அதே மறைவுக்குள் ஒதுக்கிவிடுகிறது. நியாயமான பிட்ரேட்டில், நியாயமான மூலத்திலிருந்து செய்தால் இது அபாரமான வேலை.

ஆனால் இந்த வித்தைக்குத் தனிக்குரல் என்றால் கஷ்டம். ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் எம்பி3யை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா என்ற பாடகியின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துத் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். வாத்தியம் ஏதுமில்லாமல் ஒரே குரலில் பாடப்பட்ட பாட்டு அது. மற்றப் பாட்டுகளில் தப்பித்த பிழைகளெல்லாம் அந்தக் குரலில் அம்பலமாகின. மறைத்துக்கொள்ள வேறு ஒலி இல்லாததுதான் காரணம்.

மடவளையில் தொழில் செய்பவர்கள் இதை ஒரு கணம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் வலீமா என்ற கல்யாண விருந்துகளில் பல வீட்டார் ஆட்டப்பாட்டு கேட்பதில்லை. இஸ்லாமிய கீதம் கேட்கிறார்கள், குரலும் தஃப்பும் மட்டுமுள்ள நஷீத் கேட்கிறார்கள். அதற்கு எந்தக் கோப்பும் போதும் என்று நினைத்துக் கைபேசியிலிருந்து புளூடூத்தில் விடுகிறோம். தொழில்நுட்பம் சொல்வது இதற்கு நேர்மாறு. பேஸும் சிந்தசைஸரும் நிறைந்த ஆட்டப்பாட்டில் ஒளிந்துகொள்ளும் குறைகள் தனிக்குரல் நஷீதில் பளிச்சென்று கேட்கும். ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் குரலுக்குப் பக்கத்தில் ஏதோ சலசலக்கும். மிகச் சுத்தமான கோப்பு வேண்டிய நிகழ்ச்சி எதுவென்று என்னைக் கேட்டால், வலீமா என்றுதான் சொல்வேன்.

இப்போது பூர்வீகத்துக்கு வருவோம். பழைய பைலா ஒன்றை யாரோ கசெட்டிலிருந்து எம்பி3 ஆக்குகிறார். அதைப் படத்தோடு சேர்த்து யூடியூப்பில் ஏற்றுகிறார். யூடியூப் அதை மறுபடி சுருக்கி, சாதாரணமாக 128 கிலோபிட் ஏஏசியாகவோ 160 வரையான ஓபஸாகவோ தருகிறது. இன்னொருவர் அதை இறக்கி ‘320 எம்பி3’ என்று மாற்றுகிறார். மூன்றாவது ஆள் முன்னும் பின்னும் பீட் ஒட்டி, மறுபடி எம்பி3யாகச் சேமித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார். நம் பென் டிரைவுக்கு வந்து சேரும்போது அது நாலு தடவை சுருங்கிய கோப்பு. கடைசியில் எத்தனை பெரிய எண்ணைப் போட்டாலும் முதலில் போனது திரும்பி வராது. பாலில் தண்ணீர் கலந்த பிறகு பெரிய போத்தலில் ஊற்றிவைத்த கதை.

வீட்டு ஸ்பீக்கரில் இது தெரியாமல் போவதற்கும் மண்டபத்தில் தெரிவதற்கும் காரணங்கள் உண்டு. என்கோடரின் கணக்கெல்லாம், பாட்டு எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே ஒலிக்கும் என்ற அனுமானத்தில் போட்டது. நாமோ மண்டபத்தின் எதிரொலிக்கு ஏற்றபடி ஈக்வலைஸரைத் திருப்புகிறோம், ஒரு பக்கம் குறைத்து இன்னொரு பக்கம் ஏற்றுகிறோம். மறைத்துக்கொண்டிருந்த ஒலி தணிந்ததும் அதன் பின்னால் ஒதுங்கியிருந்த இரைச்சல் வெளியே வந்துவிடுகிறது. கைதட்டல், ஹை-ஹாட், ரபான் போன்ற கூர்மையான அடிகளுக்கு ஒரு நூலிழை முன்னாலேயே மெல்லிய இரைச்சல் கசிவது இந்தச் சுருக்கும் முறையின் பழைய குறை. பலமுறை சுருக்கிய கோப்பில் அந்தக் கசிவு கூடி அடியின் முனை மழுங்கும். பைலாவின் உயிரே அந்த முனையில்தான் இருக்கிறது. இதற்கு மேல், நிமிடத்துக்கு 118 அடியில் ஓடும் பாட்டை மாஸ்டர் டெம்போ போட்டு 126க்கு ஏற்றுகிறோம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்ற, கருவி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறது. ஏற்கனவே சிதைந்த கோப்பில் அந்த ஒட்டு தடிப்பாகத் தெரியும்.

மோனோ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மண்டபங்களில் பாதிக்கு மேல் மோனோவாகத்தான் வயர் இழுக்கிறோம். பழைய மோனோ பாட்டுகளைச் சிலர் ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கிப் போலி ஸ்டீரியோ செய்து ‘ரீமாஸ்டர்’ என்று பெயர் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் அகலமாகக் கேட்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே லைனில் விட்டால் குரலோடு பாட்டே கரைந்துபோகும். ஆர்ட்டிஸ்ட் எங்கே என்று கல்யாண வீட்டார் கேட்டால் மைக்சரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. புதிய கோப்பு எது வந்தாலும் மோனோ பொத்தானை அழுத்தி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

போலி 320ஐக் கண்டுபிடிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். ஒடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராமும் உதவும். சுத்தமான மூலத்திலிருந்து செய்த 320 எம்பி3 பெரும்பாலும் 20 கிலோஹேர்ட்ஸ் வரை போகும். 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நின்றால், அது ஒரு காலத்தில் 128ஆக இருந்தது என்று சந்தேகப்படலாம். அந்த உயரத்துக்கு மேலே உள்ள ஒலி நாற்பது வயது தாண்டிய பலருக்குக் கேட்காது என்பது உண்மைதான். அந்த வெட்டு நமக்கு ஓர் அடையாளம். அங்கே வெட்டியவன் கீழேயும் கை வைத்திருப்பான் என்பதே விஷயம். பழைய இசைத்தட்டுகளிலும் கசெட்டுகளிலும் மேல் ஒலி இயல்பாகவே குறைவு, ஆனால் அங்கே அது மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் காதையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்காத வேவ் கோப்பு போட்டால்தான் டீஜே என்று பேசுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. மாஸ்டரிலிருந்து நேராக, ஒரே தடவை செய்த 320 எம்பி3யை நிரம்பிய மண்டபத்தில் வேவிலிருந்து பிரித்தறிவது பழகிய காதுக்கும் மிகக் கடினம். யூடியூப்பிலிருந்து எடுத்து வேவ் ஆக்கிய கோப்பைவிட அந்த 320 எத்தனையோ மேல். கடையில் வாங்கும்போது இரண்டும் கிடைத்தால் இழப்பில்லாததை வாங்குங்கள். பீட்போர்ட்டில் வேவும் ஏஐஎஃப்எஃப்பும் உண்டு, பேண்ட்கேம்ப்பில் ஃப்ளாக்கும் உண்டு. இடப்பஞ்சம் என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. ஐந்து நிமிட வேவ் 53 மெகாபைட் அளவில் வரும், 64 ஜிகாபைட் பென் டிரைவில் ஆயிரத்துக்கு மேல் கொள்ளும். நான் ஏஐஎஃப்எஃப் பக்கம். இழப்பும் இல்லை, பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் கோப்போடு ஒட்டி நிற்கும். வேவில் அந்த விவரங்கள் அடிக்கடி தொலைந்துபோகின்றன. ஃப்ளாக் கொண்டுபோகிறவர்கள் மண்டபத்தில் இருக்கும் பிளேயரை முன்கூட்டியே விசாரியுங்கள். பயனீயர் சீடீஜே-2000 ஃப்ளாக்கை வாசிக்காது. 2016இல் வந்த நெக்ஸஸ்-2 வாசிக்கும்.

கோப்பின் தரத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் சிலர் வியக்கலாம். வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த கட்டளைக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. மழுங்கிய கோப்பு ஓடும்போது நம் கை தானாகவே வொலியூமுக்குப் போகிறது. தெளிவு இல்லாத குறையைச் சத்தத்தால் நிரப்பப் பார்க்கிறோம். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிகிறது, அம்ப்ளிஃபயர் கிளிப் ஆகிறது, ட்வீட்டர் கருகுகிறது, பக்கத்து வீட்டார் பொலிஸுக்கு அழைக்கிறார்கள். தெளிவான கோப்புக்கு அத்தனை சத்தம் தேவைப்படாது. மலைகளுக்கு நடுவே ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பது இங்கே பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, என் மனத்தை மிக அரிக்கும் விஷயம். நேற்று வெளியான ஹிந்திப் பாட்டின் சுத்தமான கோப்பு காசு கொடுத்தால் இன்றே கிடைக்கும். நம் நாட்டுப் பாட்டுகளுக்குத்தான் கதியில்லை. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஒலிக்காத கல்யாணம் உண்டா? நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’க்கு எழும்பாத கால் உண்டா? வொலி பஸ்தியனும் எம். எஸ். பெர்னாண்டோவும் இல்லாமல் எந்தச் சிங்கள வீட்டு விருந்து முடிகிறது? கிளாரன்ஸ் விஜேவர்தன காலத்துச் சூரியா இசைத்தட்டுகள் இந்த நாட்டு ஜனரஞ்சக இசையின் போக்கையே மாற்றியவை. இரவின் கடைசி அரை மணித்தியாலம், எல்லோரும் எழும்பி ஆடும் அந்த நேரம், இந்தப் பாட்டுகளுக்கு உரியது. அந்த நேரத்தில்தான் நாம் ஆக மோசமான கோப்பைப் போடுகிறோம். மனோகரன் 2018 ஜனவரியில் மறைந்தார். அவருக்குச் செய்யும் மரியாதை அஞ்சலிக் கூட்டத்தோடு முடிந்துவிடக் கூடாது.

இசைத்தட்டு கிடைத்தால் செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. தட்டைக் கழுவிக் காயவிடுங்கள். நல்ல ஊசியும் ஃபோனோ ப்ரீ-அம்ப்பும் உள்ள பிளேயரில் வையுங்கள். வேகம் சரியாக 45 சுற்றா என்று பாருங்கள், சுருதி விலகுவது இங்கேதான். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். கீறல் சத்தத்தை நீக்குவதெல்லாம் பிறகு, பிரதியில்தான். முதல் பதிவைத் தொடாமல் அப்படியே ஃப்ளாக்காக வைத்துவிடுங்கள். கோப்பின் பெயரோடு தட்டின் லேபிள், இலக்கம், பதிந்த திகதி மூன்றையும் எழுதுங்கள். பாட்டின் உரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரியவர்களிடமே இருக்கிறது. ஆகவே, இது விற்பதற்கான வேலை அல்ல, காப்பதற்கான வேலை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையகத்திலும் கண்டியைச் சுற்றியும் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில், மூடிப்போன ரெக்கோடிங் பார்களின் மூலைகளில், இந்த 45 சுற்றுத் தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ தமிழ்ப் பொப், பைலா, இஸ்லாமிய கீதத் தட்டுகள் இருந்தால் பாடகர் பெயர், லேபிள், தட்டின் நிலை ஆகியவற்றை எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பதிவு செய்யும் கருவி உள்ளவர்களும் தங்கள் பெயரைத் தெரிவியுங்கள். தட்டு வைத்திருப்பவரையும் கருவி வைத்திருப்பவரையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை இந்த இதழ் ஏற்கிறது.